உடைந்ததா? உடைத்ததா?

தமிழ் இலக்கணம் கற்கப் புகும் மாணவன், தன்வினை பிறவினை என்னும் பாகுபாட்டைக் கேட்கும்போது முதலிலே கேட்கும் எடுத்துக்காட்டு 'திருந்தினான், திருத்தினான்' என்பது. மெல்லெழுத்து நின்ற இடத்தில் வல்லெழுத்து வந்தது, அவ்வளவே வேறுபாடு. தானே சீர்பட்டவன் திருந்தினான். பிறிதொன்றைச் சீர்படுத்தியவன் திருத்தினான். நம் நாட்டிலே மோட்டார் வண்டியின் பழுதை நீக்குவதையும் 'திருத்துதல்' என்றே வழங்குகின்றோம். அது பொருத்தமான வழக்கு. வண்டி தானே திருந்தாது. அதற்கு ஒரு கை வேண்டும்.

திருத்தக் கொடுத்த வண்டி திருந்தி வந்தால் வழக்கில்லை. பிறேக்கைத் திருத்தக் கொடுத்த வண்டி கதவு நெளிந்து வந்தால் என் செய்வது? கராஜ்காரர் 'நெளிந்துவிட்டது' என்பார். உடையவர் 'நெளித்துவிட்டார்கள்' என்பார். கண்ணாடி 'உடைந்தது' என்பது ஒருவர் கூற்று. 'உடைத்தார்கள்' என்பது மற்றவர் கூற்று. 'எரிந்தது', 'எரித்தார்கள்' என்பவையும் அவ்வாறே. நட்டஈட்டுப் பிணக்கு முழுவதும் இந்த ஓரெழுத்தினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. இது தன்வினையா, பிறவினையா? அதனைச் சொல்லும் பொறுப்பு யாருடையது? இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோட்டார் வண்டி இன்று செல்வர்க்கு மட்டும் உரிய பொருளன்று. கடனுக்கு வாங்கி மாதந்தோறும் தவணை கட்டும் ஆசிரியரின் வண்டி உண்டு. வாடகைக்கு ஓடி அன்றன்றைய அரிசிக்கு வழி தேடித் தரும் வண்டி உண்டு. ஒரு கதவின் நெளிவு ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். யந்திரத்தின் கேடு ஒரு குடும்பத்தின் அடுப்பையே அணைத்துவிடும். ஆதலின் இது படித்தவர் பேசத் தகாத சிறு பொருள் என்று ஒதுக்கத்தக்கதன்று.

உரோமாபுரியின் மணி

கராஜ் புதியது, பிணக்குப் பழையது. உரோமப் பேரரசன் யஸ்டினியன் கி.பி. 533 இல் வெளியிட்ட சட்டத் திரட்டிலே, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உல்பியன் என்னும் சட்டவறிஞரின் கருத்துகள் பல இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு நேரே பொருந்துவது. ஒருவர் ஒரு மணியைப் பதித்துத் தரும்படியோ, அதிலே உருவம் செதுக்கித் தரும்படியோ கம்மியனிடம் கொடுக்கிறார். மணி உடைகின்றது. கம்மியன் ஈடு கொடுக்க வேண்டுமா? மணியின் உள்ளேயே குற்றம் இருந்து அதனால் உடைந்திருப்பின் வேண்டியதில்லை. கம்மியனின் கைத்திறக் குறைவினால் உடைந்திருப்பின் கொடுக்க வேண்டும். 'எது நேரினும் யானே பொறுப்பு' என்று அவன் முன்னரே ஏற்றுக்கொண்டிருந்தால், மணியின் குற்றத்தால் உடைந்தாலும் கொடுக்கவே வேண்டும். இது உல்பியன் கண்ட முடிபு.

அவரே இன்னுமொன்று கூறுகின்றார். வெளுக்கக் கொடுத்த ஆடையைச் சலவைக்காரரின் மனையில் எலி கடித்துவிட்டது. 'எலியன்றோ கடித்தது, யான் கடிக்கவில்லையே' என்றால் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. எலி வராமற் காப்பதும் அவர் கடன் ஆதலின் அவர் ஈடு செய்ய வேண்டும். ஒருவர் மேலாடையை அறியாமல் மற்றொருவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தாலும் அவ்வாறே.

இவற்றை நம் வசதிக்காக மூவகைக் குற்றமாக வகுத்துக்கொள்ளலாம்: பொருட்குற்றம், கைக்குற்றம், காவற்குற்றம். பல்லாண்டு துருவேறி உள்ளே தேய்ந்து கிடந்த ஆணி, முறைப்படி கழற்றும்போதே முறிந்தால் அது பொருட்குற்றம். எண்ணெய் மாற்றியபின் அடைப்பாணியை இறுக்காமல் விட, வழியிலே எண்ணெய் ஒழுகி யந்திரம் இறுகிப்போனால் அது கைக்குற்றம். வண்டியை இரவிலே தெருவோரம் நிறுத்திவைக்க, மற்றொரு வாகனம் மோதிவிட்டாலோ, பூட்டாத கதவின் வழியே புகுந்து ஒருவன் வானொலியைக் கழற்றிச் சென்றாலோ அது காவற்குற்றம். மாதக்கணக்கிலே கிடந்த வண்டியின் மின்கம்பிகளை எலி கடித்துவிடுவது இன்றும் நிகழ்வது. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் உல்பியன் கண்ட எலி இன்னும் சாகவில்லை.

உரோமாபுரியின் சட்டத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையோரப் பகுதிகளை ஆண்டபோது தம் நாட்டிலே வழங்கிய உரோம ஒல்லாந்தச் சட்டத்தையும் கொண்டுவந்தனர். 1796 இல் அப்பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அச்சட்டத்தைத் தொடர்ந்து வழங்க விட்டனர். எழுதப்பட்ட தனிச் சட்டம் இல்லாத இடங்களில் இன்றும் இலங்கையின் பொதுச் சட்டம் அதுவே. ஆகவே உல்பியனின் மணியும் எலியும் நம் நீதிமன்றங்களுக்கு அந்நியமானவை அல்ல.

சொல்ல வேண்டியவர் யார்?

வண்டியின் உடையவர் பெரும்பாலும் ஒரு தவறான அச்சத்தினால் வாய்மூடி இருந்துவிடுகின்றார். 'யான் அங்கே நின்று பார்க்கவில்லையே. யார் உடைத்தார் என்று எவ்வாறு காட்டுவேன்?' என்பதே அவ்வச்சம். சட்டம் அவரிடம் அவ்வளவு கேட்பதில்லை. கொடுத்தபோது பொருள் இந்நிலையில் இருந்தது. திரும்பப் பெற்றபோது இந்நிலையில் இருந்தது. இடையிலே அது உம்முடைய காவலில் இருந்தது. இம்மூன்றையும் அவர் காட்டினாற் போதும். என்ன நடந்தது என்பதைச் சொல்லும் சுமை அதன்பின் காவலிலே வைத்திருந்தவர்மேற் செல்கின்றது. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106 ஆம் பிரிவும் இக்கருத்துக்குத் துணை செய்கின்றது. ஒரு செய்தி ஒருவருடைய தனியறிவினுள்ளே மட்டும் இருப்பதாயின் அதனை எண்பிக்கும் சுமை அவருக்கே உரியது. கராஜின் உள்ளே நிகழ்ந்ததைக் கராஜ்காரரன்றி வேறு யார் அறிவார்?

ஆகவே பிறவினையை எண்பிப்பது உடையவர் கடனன்று. 'உடைந்தது' என்று தன்வினை கூறுபவரே அது எவ்வாறு தானே உடைந்தது என்று காட்டக் கடமைப்பட்டவர்.

ஆயினும் முதலிரண்டு நிலைகளை உடையவர் காட்டியே ஆக வேண்டும். சிலப்பதிகாரம் பயின்ற நமக்கு இது விளங்காத செய்தியன்று. பாண்டியன் அவையிலே கண்ணகி வழக்கை வென்றது கண்ணீரினால் அன்று. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் முன்னரே கூறினாள். தன் தேவியின் சிலம்பிலே இருப்பது முத்து என்று அரசன் கூறினான். உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. தன் பொருளின் உள்நிலையை ஐயமின்றி அறிந்து, அதனை வேளையறிந்து சொல்லும் ஆற்றல் அவளுக்கு இருந்தது. சீற்றம் உள்ளவர் ஆயிரவர். சான்று உள்ளவர் சிலர்.

வண்டியைக் கொடுக்கும்போது செய்யத்தக்கன இவை. உடலிலே முன்னமே உள்ள கீறல், நெளிவு ஆகியவற்றைக் கராஜ்காரருடன் ஒருமுறை சுற்றிவந்து பார்த்து வேலைச்சீட்டிலே குறிக்கச் செய்தல்; ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரின் எண்ணையும் எரிபொருளின் அளவையும் எழுதுதல்; உதிரிச் சில்லு, கருவிப்பெட்டி, வானொலி ஆகியவற்றின் பெயரை எழுதுதல்; இன்ன வேலை, இன்ன தொகை, இன்ன நாள் என்று மதிப்பீடு பெறுதல்; மாற்றப்படும் பழைய உறுப்புகளைத் திருப்பித் தரும்படி கேட்டல். இன்று பலர் கையிலும் உள்ள தொலைபேசி நாற்புறத்தையும் படம்பிடித்து, நாளையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும். இவ்வளவுக்கும் கால்மணி நேரம் போதும்.

'எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது' என்பது நம் பழமொழி. நம் நாட்டுச் சட்டம் இப்பழமொழிக்கு எண்ணாலே உரை எழுதியிருக்கின்றது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்திலே அமைந்த ஒப்பந்தத்தை மீறியதற்கு வழக்குத் தொடரும் காலம் 6 ஆண்டு. எழுதாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு. ஒப்பந்தத்தைச் சாராது தீங்கினால் வந்த நட்டத்துக்கு 2 ஆண்டு. எழுத்தின் ஆயுள் வாய்ச்சொல்லின் ஆயுளைப்போல இருமடங்கு.

ஈடு என்பது யாது?

'நட்டஈடு' என்னும் சொல்லிலே வழக்கின் அளவும் அடங்கியிருக்கின்றது. ஈடு என்றால் ஒப்பு. இழந்ததற்கு ஒப்பானது ஈடு. அதனினும் குறைந்தது ஈடாகாது, மிகுந்ததும் ஈடாகாது. கேடுற்ற பகுதியைப் பழைய நிலைக்குக் கொணரும் நியாயமான செலவு அதன் முதற்கூறு. எவ்வளவு திருத்தினாலும் வண்டியின் விலை குறைந்தே நிற்குமாயின் அக்குறைவு இரண்டாங் கூறு. வண்டியின்றி இருந்த நாள்களில் வேறு வாகனத்துக்குக் கொடுத்த நியாயமான வாடகை மூன்றாங் கூறு. பாதி தேய்ந்த ரயருக்குப் பதிலாகப் புதிய ரயரைப் பெறுபவர், அந்த வேறுபாட்டைக் கழித்தே கேட்க வேண்டும். ஒப்பந்த மீறலிலே மனவருத்தத்துக்கு விலை பேசுவதற்குப் பொதுவாக இடமில்லை. மேலும், நட்டம் பெருகாமற் காக்கும் கடமை உடையவருக்கும் உண்டு. பத்து நாளிலே திருத்தக்கூடிய வண்டியை ஆறு மாதம் கிடக்க விட்டு, ஆறு மாத வாடகையையும் கேட்பது செல்லாது.

வண்டியினால் வரும் வருவாய் பற்றி 1854 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே அளிக்கப்பட்ட ஒரு தீர்ப்பு அறியத்தக்கது. குளொஸ்ரர் நகரத்து மாவாலை ஒன்றின் யந்திரத்தண்டு முறிந்தது. புதியதற்கு மாதிரியாக அதனைக் கிறீனிச் ஊருக்கு அனுப்பினர். கொண்டுசென்றவர் காலம் தாழ்த்தினமையால் ஆலை வேலையின்றிக் கிடந்தது. ஆலைக்காரர் இழந்த இலாபத்தைக் கேட்டனர், கிடைக்கவில்லை. அத்தண்டு வரும்வரை ஆலை ஓடாது என்னும் சிறப்பு நிலை, ஒப்பந்தம் செய்தபோது கொண்டுசென்றவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதே காரணம். வாடகை வண்டி ஓட்டுபவர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். 'இவ்வண்டி என் பிழைப்பு. இன்ன நாளில் வராவிடின் நாளொன்றுக்கு இவ்வளவு இழப்பேன்' என்று கொடுக்கும்போதே வேலைச்சீட்டில் எழுதுவிப்பவருக்கே பின்னர் அவ்விழப்பைக் கேட்க வழியுண்டு.

மூன்று மறுமொழிகள்

நட்டஈடு கேட்கச் செல்பவர் எதிர்கொள்ளும் மறுமொழிகள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, 'சுவரிலே உள்ள பலகையை வாசிக்கவில்லையா?' என்பது. வாகனங்களுக்கு நேரும் சேதத்துக்கு நாம் பொறுப்பல்லோம் என்று அப்பலகை கூறும். பலகை எழுதியவுடனே பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், தொழில் நடத்துவோர் தம் கவனக்குறைவின் விளைவை இத்தகைய வாசகங்களால் தள்ளிவிடுவதற்கு எல்லை வகுத்திருக்கின்றது. பொருளுக்கு நேர்ந்த சேதத்திலே அவ்வாசகம் நியாயமானதாயின் மட்டுமே செல்லும்.

இரண்டாவது, 'நாங்கள் செய்யவில்லை. பெயின்ற் அடிக்க வேறிடத்துக்கு அனுப்பினோம். அங்கே நடந்தது' என்பது. அல்லது, 'பயிலவந்த பையன் ஓட்டிப் பார்த்தான்' என்பது. வண்டியை உடையவர் ஒப்படைத்தது கராஜ்காரரிடம். அவர் தம் கடமையைப் பிறர் கையால் நிறைவேற்றலாம்; பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்றிவிட முடியாது. 1965 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், துப்புரவாக்கக் கொடுத்த விலையுயர்ந்த உரோம மேலாடை ஒன்றைச் சலவை நிலையத்தின் பணியாளனே திருடிச் சென்றான். காவலுக்காக அவனிடம் அதனை ஒப்படைத்த நிலையத்தார் உடையவருக்குப் பொறுப்பாயினர். நாம் ஈடு கேட்க வேண்டியது சம்பளத்துக்கு வேலை செய்யும் பையனிடம் அன்று; தொழிலின் இலாபத்தைப் பெறுபவரிடமே.

மூன்றாவது, 'கூலியைத் தந்தாற்றான் வண்டி வெளியே போகும்' என்பது. இதிலே நியாயம் உண்டு. செய்த வேலைக்குரிய கூலி கிடைக்குமளவும் பொருளைத் தம்மிடம் நிறுத்திவைக்கும் உரிமையைத் தொழிலாளருக்குச் சட்டம் வழங்கியிருக்கின்றது. அவ்விடத்திலே மல்லுக்கு நிற்பதிற் பயனில்லை. 'நட்டஈடு கேட்கும் என் உரிமைக்குப் பங்கமின்றி இத்தொகையைச் செலுத்துகின்றேன்' என்று பற்றுச்சீட்டின் இரு பிரதிகளிலும் எழுதிக் கையொப்பமிட்டு வண்டியைப் பெற்றுக்கொள்க. எதிர்ப்பைத் தெரிவியாது செலுத்தி, 'திருப்தியுடன் பெற்றேன்' என்னும் வாசகத்தின் கீழும் கையொப்பமிட்டால், அக்கையொப்பமே பின்னர் எதிர்ச்சான்றாக வந்து நிற்கும்.

கடிதமும் களமும்

சேதத்தைக் கண்ட அன்றே அதனைக் கராஜ்காரருக்குக் காட்டுதல் வேண்டும். வேறொருவர் கைவைக்குமுன் அவர் வந்து பார்க்கவும், இயலுமாயின் தம் செலவிலே திருத்திக் கொடுக்கவும் வாய்ப்பளிப்பது முறை. பல பிணக்குகள் இவ்விடத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிடின், இரு தரப்பையும் சாராத தொழிலறிஞர் ஒருவரைக் கொண்டு சேதத்தின் காரணத்தையும் திருத்தும் செலவையும் எழுதுவித்துப் பெறுதல் வேண்டும். முழுக் காப்புறுதி உடையவர், கராஜ்காரருடன் உடன்பாட்டில் ஒப்பமிடுமுன் காப்புறுதிக் கம்பெனிக்கு அறிவித்தல் நன்று. ஒரே நட்டத்துக்கு இருவரிடத்தும் முழு ஈடு பெறல் ஒண்ணாது.

பின்னர்க் கடிதம். மாணவருக்குக் கட்டுரை திருத்திப் பழகிய நமக்கு இதிலே சொல்லத் தக்கது ஒன்றுண்டு. கோரிக்கைக் கடிதத்திலே அடைமொழி குறைக, எண் மிகுக. 'உமது மன்னிக்க முடியாத பொறுப்பற்ற செயல்' என்பது படிப்பவரைச் சினப்படுத்துமேயன்றி எதனையும் எண்பிக்காது. 'இன்ன நாளில் இன்ன நேரத்தில் வண்டியை ஒப்படைத்தேன். வேலைச்சீட்டின்படி இடப்பக்கக் கதவிலே சேதம் இருக்கவில்லை. இன்ன நாளில் திரும்பப் பெற்றபோது அக்கதவிலே ஒரு சாண் நீள நெளிவு இருந்தது. அதனைத் திருத்த இவ்வளவு ரூபா ஆகும் என்னும் மதிப்பீட்டை இணைத்துள்ளேன். 14 நாள்களுள் செலுத்தும்படி கேட்கின்றேன்' என்பது எண்பிக்கும். 'நெளித்தீர்' என்று ஓரிடத்திலும் எழுத வேண்டியதில்லை என்பதைக் காண்க. பிறவினையை நாம் எழுதாமலே, நிகழ்ச்சிகளின் வரிசை அதனை உணர்த்திவிடும். கடிதத்தைப் பதிவுத்தபாலில் அனுப்பி ஒரு பிரதியை வைத்துக்கொள்ளல் வேண்டும்.

கடிதத்துக்கும் அசையாதவருக்கு அடுத்த களங்கள் உள. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்திலே முறையிடலாம். தொழிலாகச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறனோடும் செய்யப்படும் என்னும் உறுதிமொழியை, ஒப்பந்தத்திலே எழுதாவிடினும் அச்சட்டம் உள்ளதாகவே கொள்கின்றது. முறைப்பாட்டுக்கான காலம் நீதிமன்றக் காலத்தைப்போல நீண்டதன்று. ஆதலின் உடனே எழுதுதல் நன்று. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த மத்தியஸ்த சபை மற்றொரு களம். சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் அச்சபையின் முன் சென்று, அங்கே தீராமையைக் காட்டும் சான்றிதழ் பெற்ற பின்னரே நீதிமன்றம் ஏற முடியும். அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. இரு தரப்பாரும் நேரிலே பேசுகின்றனர். சிறு தொகைப் பிணக்குக்கு அதனினும் ஏற்ற இடம் அரிது. நீதிமன்றம் இறுதிப் படி. நெளிந்த கதவின் விலையினும் வழக்குச் செலவு மிகுமாயின், அப்படியில் ஏறுமுன் கணக்குப் பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

இவ்வளவும் உடையவர் பக்கம் நின்று கூறியவை. மறுபக்கத்தையும் கூறாது விட்டால் கட்டுரை நடுநிலை தவறும். கையிலே எண்ணெய்க் கறையும் முதுகிலே வெயிலுமாக வண்டியின் கீழே படுத்துக் கிடந்து உழைப்பவரும் ஒரு கம்மியரே. பழைய வண்டியிலே பழைய உறுப்பு முறிவது இயல்பு. அதனை அவர் தலையிற் கட்டுவதும், முன்னமே இருந்த கீறலுக்குப் புதிய நிறப்பூச்சுக் கேட்பதும் நீதியல்ல. உல்பியன் மணியின் குற்றத்தையும் கையின் குற்றத்தையும் பிரித்துக் காட்டியது கம்மியனையும் காப்பதற்கே. வேலைச்சீட்டிலே எழுதிய கீறல் உடையவரின் பேராசையிலிருந்து கராஜ்காரரைக் காக்கும். எழுதாத நெளிவு கராஜ்காரரின் மறுப்பிலிருந்து உடையவரைக் காக்கும். ஒரே தாள் இருவருக்கும் சாட்சி.

உடைத்ததை 'உடைந்தது' என்பது ஒரு பொய். உடைந்ததை 'உடைத்தது' என்பதும் ஒரு பொய். இரண்டுக்கும் இடையிலே உள்ள மெய்யெழுத்து ஒன்றே. அந்த மெய்யைக் காப்பது நாம் முன்னரே எழுதி வைக்கும் ஒரு தாள்.